நிற்கிற தகடு, ஆடுகிற கை

3ஜி, 4ஜி, 5ஜி, 6ஜி என்றால் இப்போது எல்லோருக்கும் செல்போன்தான் ஞாபகம் வரும். செல்போனில் 3ஜி வருவதற்கு முன்பிருந்தே வெல்டிங் பட்டறைகளில் இந்தப் பெயர்கள் இருக்கின்றன. தகடு மேசையில் படுத்துக் கிடந்தால் 1ஜி. தகடு நின்று, இணைப்பு மட்டும் குறுக்கே ஓடினால் 2ஜி. தகடும் நின்று, இணைப்பும் கீழிருந்து மேலே ஏறினால் 3ஜி. தலைக்கு மேலே பார்த்து அடிப்பது 4ஜி. 5ஜியும் 6ஜியும் பைப்புக்கு. இதில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சிக்னல் போவது 3ஜியில்தான் :-)

அதிலும் டிக் வெல்டிங்கில், அதாவது பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்று சொல்கிறார்களே, அதில் 3ஜி என்பது தனி உலகம். சாதாரண ராடு வெல்டிங்கில் ராடே எரிந்து உலோகமாகிறது. மேலே பூசின மாவு உருகி ஸ்லாக் ஆகி, உருகிய இரும்பை ஓரளவு தாங்கியும் பிடிக்கிறது. டிக்கில் அந்த உதவி இல்லை. ஒரு கையில் டார்ச். அதன் நுனியில் 3,400 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும் டங்ஸ்டன் ஊசி. இன்னொரு கையில் ஃபில்லர் கம்பி. சுற்றிலும் ஆர்கான் வாயு. (ஆர்கான் என்ற பெயர் 'சோம்பேறி' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எதனோடும் சேராது, எதையும் செய்யாது. அதனால்தான் அதற்கு இங்கே வேலை கிடைத்தது.) அமெரிக்காவில் நார்த்ராப் விமானக் கம்பெனியில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர் 1940களின் தொடக்கத்தில் மெக்னீசியத்தை ஒட்டுவதற்காக இதை உருவாக்கினார். அப்போது ஆர்கானுக்குப் பதில் ஹீலியம். இன்று பாய்லர் டியூபின் முதல் தையல் முதல் பால் பண்ணை பைப் வரை, உள்ளே சுத்தமாக இருக்க வேண்டிய இடமெல்லாம் டிக்தான்.

திருச்சி பக்கம் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பெல் பாய்லர் தொழிற்சாலை வந்த 1960களிலிருந்து திருவெறும்பூர், துவாக்குடி பகுதியில் வெல்டிங் என்பது குடும்பத் தொழில் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு ஒருவர் வெல்டராகவோ, ஃபிட்டராகவோ, அல்லது அவர்களில் ஒருவருக்குக் கடன் கொடுத்தவராகவோ இருப்பார்.

துவாக்குடி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில், சாயங்கால நேரத்தில் பையன்களுக்கு டிக் சொல்லிக்கொடுக்கிறார் ஒருவர். ஐம்பது வயது தாண்டியவர். பாய்லர் சைட்டுகளிலும் வளைகுடாவிலும் காலம் தள்ளிவிட்டு வந்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவரிடம் வந்த பையன் ஒருவன் ஐடிஐயில் ஒரு வருட வெல்டர் படிப்பு முடித்தவன். ராடு வெல்டிங்கில் வெர்டிகல் நன்றாகவே அடிப்பான். வெளிநாட்டு வேலை ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தான். அங்கே கேட்டது டிக் 3ஜி. ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுக்க அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விட்டது. டெஸ்டுக்கு ஐந்து வாரம். தேறினால் சங்கிலி திரும்பும். தேறாவிட்டால் முன்பணமும் வராது, சங்கிலியும் வராது. அவன் கை ஆடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது மட்டும் காரணம் இல்லை.

முதல் வாரம் முழுக்க அவன் டங்ஸ்டனைக் குட்டையில் முக்கிக்கொண்டே இருந்தான். குட்டை என்பது வளைவொளிக்குக் கீழே உருகி நிற்கும் இரும்பு. டங்ஸ்டன் நுனிக்கும் குட்டைக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர்தான் இடைவெளி, அதாவது ஊசியின் தடிமன் அளவு. கை அந்த அளவு நழுவினாலே தொட்டுவிடும். தொட்டால் நுனியில் இரும்பு அப்பிக்கொள்ளும், ஒளி பக்கவாட்டில் அலையும். நிறுத்தி, கழற்றி, கல்லில் தீட்டி, மறுபடி மாட்ட வேண்டும். தீட்டும்போதும் நீளவாக்கில்தான் தீட்ட வேண்டும். சுற்றிலும் வளையம் விழுகிற மாதிரி தீட்டினால் ஒளி நேராக நிற்காது. தொட்ட இடத்தில் ஒரு துணுக்கு டங்ஸ்டன் உள்ளேயே தங்கிவிட்டால் எக்ஸ்ரே ஃபிலிமில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளியாக விழும். டங்ஸ்டன் இரும்பைவிட ரொம்ப அடர்த்தி, கதிரை அதிகம் தடுக்கும், அதனால் அந்த இடம் வெளுப்பு. மறைக்கவே முடியாது.

பையன் ஒரு நாளில் பதினாறு முறை தீட்டினான். "ஊசியைத் தீட்டத் தீட்ட பென்சில் மாதிரி தீர்ந்துடும் தம்பி, ஆனா நீ எழுதினது ஒண்ணும் இல்லையே" என்றார் மாஸ்டர்.

கை ஆடுவது பயத்தால் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் எல்லோர் கையும் ஆடுகிறது. நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை வரை, கண்ணுக்குத் தெரியாத அளவில், ஆரோக்கியமான எந்த மனிதக் கையும் நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். சர்ஜன் கையும் அப்படித்தான். கேள்வி என்னவென்றால் அந்த நடுக்கம் டங்ஸ்டன் நுனிக்கு வரும்போது எவ்வளவு பெரிதாகிறது என்பது. தோளிலிருந்து கையை நீட்டிக் காற்றில் வைத்தால் நடுக்கம் இரண்டு அடி நீளக் கம்பின் நுனியில் ஆடுகிறது. முழங்கையை இடுப்பில் ஒட்டினால் கம்பு பாதியாகிறது. சுண்டு விரலின் பக்கத்தைத் தகட்டிலேயே ஊன்றினால் மிச்சம் நான்கு அங்குலம். அவ்வளவுதான் ரகசியம். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

மேசையில் அடிக்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. கை தானாகவே மேசையில் உட்கார்ந்துவிடுகிறது. தகடு எழுந்து நின்றதும் கைக்கு உட்கார இடம் இல்லை. பையன் செய்ததும் எல்லோரும் செய்வதுதான்: டார்ச்சை இறுக்கிப் பிடித்தான். இறுக்கினால் தசை இன்னும் நடுங்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டான். பத்து நொடியில் மூச்சு முட்டி, விடும்போது தோள் ஏறி இறங்கியது. போதாக்குறைக்கு டார்ச்சின் கேபிள் தரையிலிருந்து தொங்கி, மணிக்கட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அவன் பாதி பலத்தை வெல்டிங்குக்குக் கொடுக்கவில்லை, கேபிளைச் சுமக்கக் கொடுத்தான்.

"கையைக் காத்துல தொங்க விட்டுட்டு ஆடுதுன்னா எப்படிடா நிக்கும்?" மாஸ்டர் கேபிளை எடுத்து அவன் தோள் மேல் போட்டு, முழங்கை மடிப்பில் ஒரு சுற்று சுற்றிவிட்டார். பக்கத்தில் ஒரு ஆங்கிளை நிறுத்தி கிளாம்ப் போட்டார். "இது உன் மேசை. இதுல சாய்."

"டெஸ்ட்ல இது குடுப்பாங்களாண்ணே?"

"குடுக்க மாட்டாங்க. அங்க சுவரு இருக்கும், ஸ்டாண்டு இருக்கும், உன் முட்டி இருக்கும். எதையாச்சும் தேடு. தேடாம ஆரம்பிக்காத."

ஒளி போடாமலே கீழிருந்து மேல் வரை ஒரு முறை டார்ச்சை ஓட்டிப் பார்க்கச் சொல்வார். எந்த இடத்தில் முழங்கை இடிக்கிறது, எங்கே மணிக்கட்டு முறுக்கிக்கொள்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். தெரிந்த இடத்தில் நிறுத்தி, ஊன்றுதலை மாற்றிக்கொண்டு மேலே போகலாம். இந்த ஒத்திகையைக் கேலி செய்கிற பையன்கள்தான் பிறகு நடுவழியில் நிற்பார்கள்.

இன்னொரு வழி, கப்பையே நடக்க விடுவது. டார்ச்சின் முன்னால் இருக்கிற செராமிக் கப்பைத் தகட்டின் 'வி' பள்ளத்தின் இரண்டு சுவரிலும் சாய்த்து, மணிக்கட்டை மட்டும் லேசாக உருட்டி, இடது வலது என்று ஏற விடுவது. பைப் வெல்டர்கள் இதில் மன்னர்கள். இடைவெளியைக் கை பிடிக்க வேண்டாம், கப் பிடித்துக்கொள்ளும். இது ஏமாற்று வேலை, நிஜமான வெல்டர் கையால்தான் அடிப்பார் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. தகட்டில் சாய்வதற்கு இடம் இருக்கும்போது சாயாமல் இருப்பது வீம்பு. கப் நுழையாத சந்துகளில் விரலூன்றித்தான் அடித்தாக வேண்டும் என்பதும் உண்மை. அதனால் இரண்டும் தெரிந்திருப்பவருக்கு இந்தச் சண்டையில் இடம் இல்லை.

இரண்டாவது வாரத்தில் ஊசி முக்குவது குறைந்தது. இப்போது வேறு நோய். பீடு முதல் இரண்டு அங்குலம் அழகாக, காசுகளை அடுக்கி வைத்த மாதிரி ஏறும். மூன்றாவது அங்குலத்தில் அகலும். நான்காவதில் வயிறு தொங்கும். ஐந்தாவதில் ஒரு சொட்டு கழன்று, ஷூ மேல் விழும்.

இங்கே கொஞ்சம் கணக்கு. நிற்கிற தகட்டில் உருகிய இரும்பைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதன் பரப்பு இழுவிசைதான், குழாய் நுனியில் நீர்த்துளி தொங்குகிறதே, அதே விசை. குட்டையின் அகலம் இரண்டு மடங்கானால் பிடிக்கும் விசை சுமார் இரண்டு மடங்காகும். ஆனால் குட்டையின் எடை, நீள அகல ஆழம் மூன்றும் சேர்ந்து வளர்வதால், எட்டு மடங்கு வரை போகும். ஆகவே சின்னக் குட்டை எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கும். பெரிய குட்டைக்கு எச்சரிக்கை கூடக் கிடையாது, விழுந்துவிடும். வெர்டிகல் டிக் முழுவதும் இந்தக் குட்டையைச் சின்னதாக வைத்துக்கொள்கிற வேலைதான்.

பையன் யோசித்தது நியாயமாகத்தான் இருந்தது: சூடு அதிகம், எனவே ஆம்பியரைக் குறை. 100லிருந்து 80க்கு இறக்கினான். சொட்டுவது நிற்கவில்லை, இன்னும் மோசமானது. இது ஏன் என்று புரிய அவனுக்கு நான்கு நாள் ஆயிற்று.

வெல்டுக்குள் இறங்கும் சூட்டைக் கணக்கிட, வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி, நகரும் வேகத்தால் வகுக்க வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர், நிமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் வேகம் என்றால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 1.2 கிலோஜூல் இறங்குகிறது. 80 ஆம்பியரில் குட்டை சட்டென்று உருவாகாது. இரண்டு பக்கச் சுவரும் உருகுவதற்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் வேகம் 35 மில்லிமீட்டருக்கு இறங்கும். இப்போது கணக்குப் போட்டால் 1.65 கிலோஜூல்! கரண்டைக் குறைத்தவன் சூட்டைக் கூட்டிவிட்டான். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் பாலை மறந்த கதை. ஒரேயடியாகக் கூட்டினாலும் ஆகாதுதான். மேசையில் 110 போகிற வேலைக்கு, நிறுத்தி அடிக்கும்போது பத்து பதினைந்து சதவீதம் குறைப்பது வழக்கம். அதற்குக் கீழே இறங்குவது பயம்.

சில மிஷின்களில் காலால் அழுத்திக் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் பெடல் உண்டு. சைட்டில் அதெல்லாம் கிடையாது. சாரத்தில் ஒரு காலும் ஏணியில் ஒரு காலும் வைத்திருப்பவருக்குப் பெடலுக்கு ஏது மூன்றாவது கால்? அவருக்கு இருக்கும் பெடல்கள் வேறு. முதலாவது ஃபில்லர் கம்பி. குளிர்ந்த கம்பியைக் குட்டையின் மேல் விளிம்பில் தொட்டு எடுத்தால் குட்டை ஒரு கணம் சுருங்கும், கொதிக்கிற சாம்பாரில் பச்சைத் தண்ணீர் தெளித்த மாதிரி. பீடு அகல ஆரம்பிக்கும்போது புதியவர்கள் கம்பி கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள், "ஏற்கெனவே நிறைய இருக்கே" என்று. அங்கேதான் கம்பி கொடுக்க வேண்டும், கொடுத்துக்கொண்டே மேலே நகர வேண்டும். இரண்டாவது, ஒளியின் நீளம். டிக் மிஷின் கரண்டை மாற்றாமல் வைத்திருக்கும். டார்ச்சைத் தூக்கினால் வோல்ட்தான் கூடும், சூடு அகலமாகப் பரவும், ஆழம் குறையும். மூன்றாவது, நிறுத்துவது. அதற்குப் பிறகு வருவோம்.

ஒளியின் நீளத்தைச் சொன்னோமே, கை விவகாரமும் சூட்டு விவகாரமும் ஒன்றாகிற இடம் அதுதான். கை ஆடினால் ஒளி நீள்கிறது. நீண்டால் குட்டை அகலமாகிறது. குட்டை அகன்றதும் விழுந்துவிடுமோ என்ற அவசரம் வருகிறது. அவசரத்தில் கை இறுகுகிறது, இறுகியதும் இன்னும் ஆடுகிறது. ஃபில்லர் கைக்கும் சோதனைதான். செங்குத்தில் அது டார்ச்சுக்கு மேலே இருக்கிறது, சூடான காற்று முழுக்க நேராக அந்தக் கையுறைக்குத்தான் ஏறும். மெல்லிய ஆட்டுத்தோல் கையுறை. சுட்டதும் கை விலகும், விலகியதும் கம்பி நுனி ஆர்கான் போர்வைக்கு வெளியே போய்க் கறுக்கும், கறுத்த நுனி அடுத்த முறை அழுக்கோடு உள்ளே வரும். எந்தக் கண்ணியில் ஆரம்பித்தது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். மாஸ்டர் சூட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பையனின் முழங்கையைத் தொட்டுக் காட்டியது ஏன் என்று அவனுக்கு மூன்றாவது வாரம்தான் விளங்கியது.

வெயில் காலம் வேறு. ஃபேன் போட முடியாது. நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் என்று மெதுவாக வழிகிற ஆர்கானை ஒரு ஃபேன் காற்று கலைத்துவிடும், வெல்டில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். தோல் ஏப்ரன், ஹெல்மெட், உள்ளே வியர்வை. வெல்டரின் வேலையில் நெருப்பைவிட இந்த ஃபேன் இல்லாமைதான் கொடுமை என்று வெளியில் இருப்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

நிறுத்துவதற்கு வருவோம். தகடு சூட்டைச் சேர்த்து வைக்கிறது. முதல் அங்குலத்தில் சூடு ஓடி ஒளிய நிறைய குளிர்ந்த இரும்பு இருக்கிறது. மேலே போகப் போக, வரப்போகும் இடமும் ஏற்கெனவே சூடாகியிருக்கும். மேல் விளிம்பு நெருங்கும்போது சூட்டுக்குப் போக வழியே இல்லை, அதற்கு அப்பால் காற்றுதான். கடைசி ஓர் அங்குலத்தில் குட்டை திடீரென்று அகல்வது அதனால்தான். கீழே சரியாக இருந்த வேகம் மேலே சரியாக இருக்காது. அங்கே வேகத்தைக் கூட்ட வேண்டும், அல்லது நிறுத்திவிட்டு ஆற விட வேண்டும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவிலும் அப்படியே. ஸ்டெயின்லெஸ் என்றால் பல கம்பெனிகளின் நடைமுறைத் தாள்களில் 150, 175 டிகிரிக்கு மேல் அடுத்த வரிசையைத் தொடக்கூடாது என்று எழுதியிருக்கும். 450 முதல் 850 டிகிரி வரையான சூட்டில் ஸ்டெயின்லெஸ் அதிக நேரம் இருந்தால் குரோமியம் கார்பனோடு சேர்ந்து போய், துருவைத் தடுக்க ஆள் இல்லாமல் போகும். மேலே பார்த்தால் பளபளப்பு, உள்ளே அரிப்புக்கு அழைப்பிதழ்.

ஆனால் நிறுத்துவதிலும் விதி உண்டு. பட்டென்று டார்ச்சை இழுத்தால் குட்டை நடுவில் பள்ளம் விழுந்து, ஆறும்போது நட்சத்திர வடிவில் கீறும். கொஞ்சம் கம்பி கொடுத்துக் குழியை நிரப்பி, ஒளியைப் பக்கச் சுவருக்கு ஒதுக்கி, அணைந்த பிறகும் டார்ச்சை அங்கேயே பிடித்திருக்க வேண்டும். சிவந்திருக்கிற இரும்பும் டங்ஸ்டனும் கறுக்கும் வரை ஆர்கான் மூடிக்கொண்டிருக்கட்டும் என்று. கூலிக்கு அடிக்கிற இடங்களில் இந்தச் சில நொடிகளைத்தான் முதலில் திருடுவார்கள்.

டெஸ்ட் அன்று பத்து மில்லிமீட்டர் தகடு. பையனுக்குச் சாய ஆங்கிள் இல்லை. ஸ்டாண்டின் கால் இருந்தது, அதில் இடது முட்டியைக் கொடுத்தான். கேபிளைத் தோளில் போட்டான். ஒளி இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். ரூட் வரிசை. குட்டையின் மேல் விளிம்பில் சாவித் துவாரம் மாதிரி ஒரு சின்ன ஓட்டை தெரிய வேண்டும். தெரிந்தால் பின்பக்கம் உருகி இணைகிறது என்று அர்த்தம். ஓட்டை மறைந்தால் சூடு போதவில்லை, பெரிதானால் அதிகம். முக்கால்வாசி ஏறியபோது அது பெரிதாக ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் பின்னால் நிற்கிறார். மிச்சம் ஒன்றரை அங்குலம்தான். ஓட்டிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நிறுத்தினான். குழியை நிரப்பி, அணைத்து, டார்ச்சை நகர்த்தாமல் பிடித்திருந்தான். ஹெல்மெட்டைத் தூக்கினான். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தகடு ஆறும் வரை நின்றுகொண்டே இருந்தான். நிறுத்தின இடத்தை கிரைண்டரால் சரிவாகத் தேய்த்து, அதற்குக் கொஞ்சம் கீழிருந்து ஒளி போட்டு மேலே ஏறினான். மற்ற வரிசைகளிலும் நடுவில் நடுவில் நின்றான். அவனோடு டெஸ்டுக்கு வந்த இன்னொரு பையன் அதற்குள் முடித்துவிட்டு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு தகட்டை அறுத்து இரண்டு பட்டைகள் எடுத்தார்கள். ஒன்றை முகப்பக்கம் வெளியே வருமாறு, மற்றொன்றை ரூட் பக்கம் வெளியே வருமாறு, பிரஸ்ஸில் வைத்து 'யு' வடிவத்துக்கு வளைப்பார்கள். வெளி வளைவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஒரு வாய் திறந்தால் ஃபெயில். முகப்பட்டை சுத்தம். ரூட் பட்டையில், அவன் நிறுத்தித் தொடங்கின இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சின்னத் திறப்பு. இன்ஸ்பெக்டர் அளவுகோலை வைத்தார். ஒரு மில்லிமீட்டர். தாளில் பாஸ் என்று எழுதிவிட்டு அடுத்த பட்டையை எடுத்தார்.

பையன் அந்த வளைந்த பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் மாஸ்டரிடம் காட்டினான். அவர் அந்த ஒரு மில்லிமீட்டரை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "இங்க கிரைண்டிங் பத்தல" என்றார்.